பீப் பிடித்த ராஜவேலுவின் காதை

முதற்கண் சேற்றைத் தொழுவோம். நண்டையும் இறாலையும் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, தேடி வருவோரை முழங்கால்வரை இழுத்துச் சோதிக்கும் பழவேற்காட்டு ஏரியின் கருஞ்சேறே, இக்கதைக்குக் காப்பாக நிற்பாயாக. அடுத்து, அச்சேற்றின் செல்லப்பிள்ளையாம் பசியாவரத்து ராஜவேலுவைப் பாடுவோம்: பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வி, கழுத்தளவு நீரில் குந்தி, வலையும் தூண்டிலும் வேண்டாது வெறுங்கையால் துழாவி, ஓட நினைத்த இறாலை ஓடுமுன் பிடிக்கும் ஐவிரல் வேந்தன், நீருக்கடியில் ஒரு மீசை அசைந்தால் அது எத்தனை விரற்கடை நீளமென உள்ளங்கையால் உரைக்க வல்லோன், ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் நண்டிடம் கடி வாங்கினானே அன்றி எவரிடமும் தோல்வி வாங்காதவன். வாழ்க அவன் கை. காதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பேசித்தான் தீர வேண்டும். அக்காதுகள் இரண்டும் மூன்றாண்டுகளாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. எதிரே நின்று உரக்கப் பேசினால், வாயசைவும் ஒலியுமாகச் சேர்த்துப் பாதி புரியும். முதுகுப்பக்கம் இடியே விழுந்தாலும் அவனுக்கு அது அயலூர்ச் செய்தி. ஆயினும் மாவீரன் ஒப்புவானோ? "என் காது நல்லாத்தான் கீது. ஊருதான் முணுமுணுன்னு பேசுது" என்று படகுத்துறையில் நின்று பிரகடனம் செய்தான். ஊர் சிரித்தது. அவன் இல்லக்கிழத்தி கோவிந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் உண்டு. போன மாதம் ஒருநாள், குனிந்த தலை நிமிராமல் அவன் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்க, இன்ஜின் போட்ட படகொன்று அவன் முதுகை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஐம்பது அடி தள்ளித் துழாவிக்கொண்டிருந்த கோவிந்தம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இடுப்பளவு நீரில் விழுந்தெழுந்து ஓடி, தலைமுடியைக் கொத்தாகப் பற்றி அவனை இழுத்தாள். படகு ஒரு முழம் விலகிப் போயிற்று. அன்று அவன் சினந்தது முடியை இழுத்ததற்காக. அவளுக்கோ அதற்குப் பின் சோறு இறங்கவில்லை. காதுக்கு மிஷின் மாட்டாமல் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்றாள் அவள். டாக்டரே நல்ல காது என்று சொல்லிவிட்டால் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது என்றான் அவன். இருதரப்பும் உடன்பட, பஸ் ஏறிப் பொன்னேரி என்னும் போர்க்களம் புகுந்தனர்.

அங்கே, மாடிப்படி ஏறிய இடத்தில், காது பார்க்கும் ஜெபசெல்வி மேடம், மூக்குக்கண்ணாடியே கவசமாக, சிரிப்பே கேடயமாக வீற்றிருந்தாள். பலகையால் அடைத்து, பஞ்சு பொதிந்து, சிறு கண்ணாடிச் சன்னல் வைத்த ஒலிபுகா அறையினுள் நம் வேந்தனை அமர்த்தி, தலையில் ஹெட்போன் என்னும் மணிமுடி சூட்டி, வலக்கையில் பொத்தான் ஒன்றைக் கொடுத்து, பீப் கேட்கும்போதெல்லாம் அழுத்துமாறு சைகையால் பணித்துக் கதவைச் சாத்தினாள். வெளியே, அறையின் பலகைச் சுவரோடு ஒட்டிப் போட்ட மேசைமேல் இருந்தது பீப் எழுப்பும் அவளுடைய பழைய மிஷின்.

தொடங்கிற்று சமர். மேடம் மிஷினின் கட்டையை அழுத்தினாள், வேந்தன் பொத்தானை அழுத்தினான், மிஷினில் விளக்கு எரிந்தது. மெல்லிய பீப், அதனினும் மெல்லிய பீப், எறும்பு தும்மினாற்போன்ற பீப் என்று அவள் அம்பு மாற்றி அம்பு தொடுக்க, ஒன்றையும் தப்பவிடாது, அவசரமும் காட்டாது, பறியில் இறால் போடுவதுபோல் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டான் பசியாவரத்துச் சிங்கம்.

"இருபது வயசுப் பையன் காது மாதிரி இருக்கும்மா. இதுக்கு மிஷின் குடுத்தா என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள் மேடம். கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் மலர்ந்ததைக் கண்ட வேந்தன் வெற்றி தனதென்று அறிந்து, இல்லாத மீசையை முறுக்கினான்.

கோவிந்தம்மாவுக்குத் தெரியும்: நாளைக்கே இவன் ஏரியில் இறங்குவான், ஒப்பந்தப்படி தடுக்கவும் தனக்கு வாயில்லை. "இன்னொரு வாட்டி வைங்க மேடம்" என்று கெஞ்சினாள். முதன்முறை விளக்கையே பார்த்திருந்தவள் இம்முறை பெஞ்சிலிருந்து எழுந்து, சன்னலின் ஓரமாக நின்று புருஷனைப் பார்த்தாள். வலக்கையில் பொத்தான். இடக்கையோ பலகைச் சுவரின்மேல், ஐந்து விரலும் விரிய, படிந்தும் படியாமலும் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பக்கத்தில் குந்தித் துழாவியவளுக்கு அந்தக் கை தெரியாதா?

"அது காதுல கேக்கல மேடம். நீங்க கட்டையைத் தட்டுறது பலகைல அதிருது. கையில புடிக்குது" என்றாள். "ரெண்டு கையையும் மடியில வெச்சிக்கச் சொல்லுங்க."

சொன்னாள். வைத்தான். மீண்டும் முழங்கிற்று போர். மெல்லிய பீப் போய்ப் பெரிய பீப் ஆயிற்று. பெரியது போய்ச் சங்கொலி ஆயிற்று. விளக்கு எரியவே இல்லை. அரிதாக ஒன்றிரண்டு முறை மினுக்கி அடங்கியது. எதிரிப்படை கோட்டையைச் சுற்றிப் பறையறைந்து ஓய்ந்த பின்னும், ஐவிரல் வேந்தன் மடியில் கைவைத்து அமைதியாகக் காத்திருந்தான். கதவைத் திறந்ததும் கேட்டான்:

"எப்போம்மா ஆரம்பிப்பீங்கோ?"

முடிந்துவிட்டது என்று மேடம் கையால் காட்டினாள். அவன் தன் இரு கைகளையும் பார்த்தான். பிறகு கோவிந்தம்மாவைப் பார்த்தான். அந்தப் படகு எவ்வளவு கிட்டத்தில் வந்ததென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பயம் வந்தது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

அதன்பின் அவரைக்கொட்டை அளவிலான காது மிஷினை மேடம் அவன் காதின் பின்புறம் ஏற்றி, மெல்லிய குழலை உள்ளே செலுத்தி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட, மூன்றாண்டுகளாய் அடைத்துக் கிடந்த கோட்டைவாயில் திறந்து, மின்விசிறியின் கடகடப்பு முன்னே வர, தெருவில் பஸ்ஸின் ஹாரன் யானைப்பிளிறலாய்த் தொடர, தன் செருப்பே தரையில் தேய்ந்த ஓசை கட்டியங் கூற, எல்லா ஒலிகளுக்கும் பின்னால், தயங்கித் தயங்கி, பட்டத்தரசியின் குரல் உலா வந்தது.

"கேக்குதா?"

வேந்தன் திடுக்கிட்டான். அவன் நினைவில் இருந்த குரல் வேறு. துறையில் அவள் நண்டுக்கு விலை சொன்னால் கணீரென்று கேட்கும். இது ஓட்டைப் பானையில் மணல் தேய்ப்பதுபோல் கரகரத்தது.

"உன் கொரலுக்கு இன்னாமே ஆச்சு?"

"உன்னைக் கூப்ட்டுத்தான்" என்றாள் கோவிந்தம்மா.

சேறு வென்றோன், நண்டுக்கு அஞ்சா விரலோன், பீப்புகளின் பெருவேட்டைக்காரன், இந்த ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடித் தன் ஐம்பத்தெட்டு ஆண்டுகளையும் துழாவிப் பார்த்து, கையில் ஒன்றும் அகப்படாமல், தலை கவிழ்ந்து, அரசியைப் பின்தொடர்ந்து படியிறங்கி, வண்டிகளும் வாகனங்களும் ஆர்ப்பரிக்கும் பொன்னேரிப் பெருவீதியைக் கடந்து பேருந்து நிலையம் அடைந்தான்.

டீக்கடையில் தனக்கு ஒரு டீயும் அவளுக்கு ஒரு வெந்நீரும் சொன்னான்.