முப்பது நாளும் மாமனார் பாடு

“…அப்புறம் இன்னா மாப்ள, முப்பது நாளும் உன் மாமனாரே வல கட்டுவாரு, நாங்கள்லாம் கரையில குந்திக்கினு ஏரிக்கு விசிறி வீசுவோமா?” என்று ஏழுமலை அண்ணன் கேட்டபோது, கோட்டைக்குப்பமே என்னைச் சுற்றி நின்றது.

தப்பு என்னுடையதுதான். அனுப்பம்பட்டில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, வீடியோ பார்த்தே புரோகிராமிங் கற்றவன் நான். இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த மிதப்பில், பாடு முறைக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்று முப்பது நாள் சுற்றுக்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைப்பதுதான் பாடு. மீறியவர் அந்தச் சுற்று முழுக்க வலையைத் தொடக் கூடாது.

பக்கம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் சர்வர்க்காரர்களிடமிருந்து மெயில்: பக்கம் எழுதிய பிஎச்பி மொழியில் தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சியை எடுத்துவிடப் போகிறோம், புதியதற்கு மாறுங்கள். (இன்னா பெரிய வேலை!) பழைய கட்டளைகளின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மொத்தமாகச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பழையதில் கேள்வியை மட்டும் வீசினால் போதும். புதியதற்கோ, எந்த இணைப்பு வழியாகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதிலே வராது. எச்சரிக்கை வரவில்லையா என்பீர்கள். வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டேன். போதாக்குறைக்கு, பெயர் கிடைக்காதபோது காட்டுவதற்காக, சோதனை நாட்களில் நான் எழுதிய மாமனார் பெயர் உள்ளேயே கிடந்தது (மரியாதைக்கு வைத்தது, சத்தியமாக).

விளைவு, எல்லா நாளும் எல்லா இடமும் ஏகாம்பரம், ஏகாம்பரம், ஏகாம்பரம்.

மாமனார் அன்றைய வரியை மட்டும் பார்த்துவிட்டு, முகத்துவாரத்தில் போய் வலை கட்டிவிட்டார். அன்று அந்த இடம் ஏழுமலை அண்ணனுடையது.

“செல்லுல போட்டுக்கீதுபா…” என்றார் மாமனார், ஊர் நடுவில் பரிதாபமாக.

“நைனாவ ஒரு சுத்து ஒக்கார வெச்சாங்கன்னா, நீயும் உங்கம்மா வூட்ல போய் ஒக்காந்துக்கோ,” என்று என் காதில் சீறினாள் மனைவி.

லேப்டாப்பைத் திறந்தேன். “இணைப்ப முதல்ல குடுக்கணும்ணே, அப்பதான் கேள்வி…”

“கவுத்த கழியில கட்டாமயே வலைய வுட்டுட்ட. அதானே?” என்றார் ஏழுமலை அண்ணன்.

(நான் மூன்று நாள் மண்டையை உடைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதை, அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.)

“ஆமாண்ணே.”

“அப்போ உன் மாமனாரு பேரு மட்டும் எப்டி வந்துச்சு?”

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. உள்ளே மாமனார் பெயர் கிடந்த இடத்தில் என் பெயரை எழுதிப் பக்கத்தைப் புதுப்பித்தேன். ஊரார் செல்லில் எல்லாம் ஏரி மொத்தமும், முப்பது நாளும், எனக்கே வந்து விழுந்தது. சிரிப்பு அடங்கவே நேரமானது. மாமனார் மேல் குற்றமில்லை என்று ஊர் விட்டுவிட்டது.

இன்றும் என் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழுந்தால், “இன்னா, முப்பது நாளும் உன் பாடா?” என்பாள் மனைவி.

ஏழுமலை அண்ணன் மட்டும் அன்று சிரிக்கவில்லை. செல்லில் என் பெயரை இன்னொரு முறை பார்த்தார். “பேரு போட்டுக்கீதில்ல, வா,” என்று லேப்டாப்பைப் பிடுங்கி மாமனாரிடம் கொடுத்துவிட்டு, நீச்சல் தெரியாத என் கையில் துடுப்பைத் திணித்துப் படகில் ஏற்றினார்.