முருகன் உறையில் வந்த கூச்சல்

“தம்பி, ஒங்க அறையில யாரையோ போட்டு அடிக்கிறீங்கன்னு அடுத்த வீட்டு ரபீகா டீச்சர் சொல்றாங்க,” என்றார் வீட்டுக்காரர் ராஜரத்தினம். “இப்படியே போனா பொலிசுல சொல்லுவாங்களாம்.”

பொலிஸ் என்றதும் பரமநாதன் கட்டிலை விட்டு எழுந்துவிட்டான். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. கண்டியில் பதினொரு வீட்டுப் படி ஏறி இறங்கிய பிறகு, யாழ்ப்பாணத்தான் என்று தெரிந்தும் பொலிஸ் பதிவில் கையெழுத்து வைத்து, கட்டாரில் வேலை பார்க்கும் மகனின் அறையைக் கொடுத்தவர் இந்த ராஜரத்தினம்தான். அறை போனால் பதிவு போகும். பதிவில்லாதவனை முதல் சுற்றிவளைப்பிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

“அடியில்லை அண்ணை, அது பாட்டு.”

“பாட்டா?”

எப்படி விளக்குவது? குட்ஷெட் பஸ் நிலையத்து நடைபாதையில் முருகன் பக்திப்பாடல் என்று வாங்கிய இறுவட்டு அது. உறையில் வேலும் மயிலும். உள்ளே யாரோ நாலைந்து வெளிநாட்டுப் பொடியன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மாற்றப் போனால், “போஸ்ட் ஹார்ட்கோர், மஹத்தயா! கத்துற றொக் பாட்டு, நல்ல சாமான்!” என்று சிங்கள வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டான்.

காசைக் கொடுத்த பாவத்துக்குப் பரமநாதன் இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். மூன்றாவது பாட்டில் ஒருவன் கத்திக் களைத்து ஓய, கிற்றார் ஒன்று தனியே மெல்ல நடந்தது. இன்னொருவன் தாழ்ந்த குரலில் எதையோ கெஞ்சினான். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து இடிந்து விழுந்தார்கள். கந்தோர் வேலைக்கான ஆங்கிலம் மட்டும் தெரிந்த பரமநாதனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சோதனைச் சாவடிகளில் “ஓம் சேர்” என்று விழுங்கியதெல்லாம் அதற்குள் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும், ஐந்தரைக்கு, பெயர் தெரியாத அந்தக் கோஷ்டிதான்.

இப்போது சத்தத்தைக் குறைத்தான்.

மறுநாளே ராஜரத்தினம் வந்தார். “இப்ப வாயப் பொத்திவச்சு அடிக்கிறீங்களாம்.”

பரமநாதன் ஹெட்போன் வாங்கினான். மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் ராஜரத்தினத்தின் முகம் சரியில்லை.

“தம்பி, இப்ப அடியெல்லாம் இல்லையாம். அழுகச் சத்தம் மட்டும் தெளிவா கேக்குதாம்.”

பரமநாதன் ஆடிப்போனான். காது அடைபட்டிருந்ததால், பாட்டோடு சேர்ந்து தானே கத்தியிருக்கிறான்! மறுநாள் ஹெட்போனை மாட்டி, கைக்குட்டையால் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

அன்றைக்கென்று பார்த்து ராஜரத்தினம் பிலிமத்தலாவையிலுள்ள தன் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து கதவைத் தள்ளினார். வாய் கட்டிய மனிதன் ஒருவன் கண்ணை மூடித் தலையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

இறுவட்டு சூட்கேசுக்குள் போனது. மூன்று மாலை பரமநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அதற்குள் விம்மல் கேட்பதுபோல் இருந்தபோதெல்லாம் பாட்டின் மிச்சம் என்று காதைப் பொத்திக்கொண்டான்.

“நேத்தும் அழுதீங்களாமே?”

“நான் வாயே திறக்கேல்லை அண்ணை! சத்தியமா!”

“பொலிஸ் இந்த வாசல் ஏறக்கூடாது தம்பி. பையன் வேற கட்டார்ல இருக்கான்.” மகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செய்வதுபோல அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார். “மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாருங்க.”

தனக்கு விசர்தான் பிடித்துவிட்டது என்று பரமநாதன் முடிவுசெய்தான். மாலையில் சூட்கேசைத் திறந்து உடுப்புகளை அடுக்கினான். மேலே வேலும் மயிலும் கிடந்தன. பதின்மூன்றாவது வீடு எங்கே இருக்கப்போகிறது? கை ஓடவில்லை.

பிளேன்டீயோடு யாரோ வந்து நின்றார்கள். ராஜரத்தினத்தின் மனைவி ரத்தினம்மா. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குசினி அடுப்பை விட்டு மாலையில் வெளியே வராதவர்.

“அக்கா, உங்களுக்கும் கரைச்சல் குடுத்திட்டன்.”

ரத்தினம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“போகாதீங்க தம்பி. அந்தப் பாட்ட முந்தி மாதிரியே சத்தமா போடுங்க. புள்ள கட்டார்ல இல்ல, வெள்ள வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு நான் அழுவுறது அதுலதான் வெளிய கேக்காம இருந்துச்சு.”