நாலு பேர் தூக்கிய பல்லக்கு

காலனியம் நம் பண்பாட்டின் முதுகில் ஏற்றிவிட்டுப் போன சுமையை இறக்கிவைக்கும் மாபெரும் பணி, பொதுமக்கள் கவனிக்காவிட்டாலும், பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் நாள்தோறும் காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை, உணவு இடைவேளை நீங்கலாக, ஓய்வின்றி நடந்துகொண்டிருந்தது. 'இலக்கியவழிக் காலனியத் தாக்க ஆய்வுத் துறை' என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் பதினான்கு மாதம் போராடினார். அதற்கான மனுவை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றது பதிவாளர் அலுவலகம். கொடுத்தார். ஓர் எழுத்துப்பிழைக்காகத் திரும்பி வந்தது. திருத்தி மறுபடியும் கொடுத்தார். விடுதலை வீரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் பொறுமை அது.

அந்தத் துறையில் ஐந்து வருடமாக ஒருத்தி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் "இது எங்க இருந்து எடுத்தது சார்?" என்று கேட்பாள். அதனால் அவளுக்கு அங்கே 'அடிக்குறிப்பு' என்று பெயர் விழுந்துவிட்டது. பிழைப்புக்கு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. இந்த வருடத்துக்குள் ஆய்வேடு தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்று கல்லூரி முதல்வர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் சாலை போட வந்த துரை ஒருவர், கல் சுமந்த பெண்கள் பாடியதைக் கேட்டு எழுதி வைத்துப் புத்தகமாகப் போட்டிருந்தார்.

நெஞ்செரியுது துரையே நெஞ்செரியுது – ஒன்ன
நெனைக்கும் போதெல்லாம் நெஞ்செரியுது
நாலு பேரு தோள் கொடுப்போம் துரையே – நீ
போற நாளு எங்களுக்குத் திருநாளு

கீழேயே துரையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. தம் மேல் வைத்த அன்பால் மக்களின் நெஞ்சு தகிக்கிறதாம். நான்கு பேர் தம்மைப் பல்லக்கில் வைத்துச் சுமக்கத் துடிக்கிறார்களாம். தாம் பவனி போகும் நாளே அவர்களுக்குத் திருவிழாவாம். 'எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது' என்று அடக்கமாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

இந்த நாலு வரியின் மேல்தான் துறைத்தலைவரின் புகழ் நின்றது. 'பல்லக்கு மனநிலை' என்ற கோட்பாட்டை உலகுக்குத் தந்தவர் அவர். தன்னை மிதித்தவனையே ஆசையாகத் தோளில் தூக்கும் அளவுக்கு மக்களின் மனத்தைக் காலனியம் சிதைத்துவிட்டது என்பது அதன் சாரம். ஏழு நாடுகளுக்குப் போய் அந்தக் கட்டுரையைப் படித்தார். ஏழிலும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவற்றில் ஐந்து, ஒரு காலத்தில் பிற நாடுகளை ஆண்டவை.

அடிக்குறிப்பை வளர்த்துப் படிக்க வைத்தவள் அவளுடைய சித்தி. சாலை போடும் வேலையில் ஜல்லி கொட்டும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. வாய்மொழித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு மாலை, சித்தி மண்ணெண்ணெய்த் துணியால் பாதத்துத் தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்று, தேர்வில் சொல்ல வேண்டியதைப் பாட்டோடு சேர்த்து அடிக்குறிப்பு உரக்கச் சொல்லிப் பார்த்தாள். பல்லக்கு என்ற இடம் வந்ததும் சித்தியின் கை நின்றது.

"பல்லக்கா? எந்தக் கூமுட்டடி சொன்னான்?"

"உனக்கு இந்தப் பாட்டு தெரியுமா சித்தி?"

"தெரியுமாவா! போன வாரம்கூடப் பாடினோமே. நாலு பேரு தோள் கொடுக்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது? பாடைடி! இவன் எப்படா போய்ச் சேருவான்னு பாடியிருக்காளுங்க. அதையும் அவன் முகத்துக்கு நேரா பாடியிருக்காளுங்க. அவனும் குனிஞ்சு எழுதிக்கிட்டுப் போயிருக்கான்!"

சித்தி சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடிக்குறிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வரியையும் மறுபடி படித்தாள். நெஞ்செரிச்சல், நாலு பேர், போகிற நாள். எல்லாம் சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள். தன் மொழிப் பாட்டை ஐந்து வருடமாக ஆங்கிலத்தில்தான் படித்துவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு அவளும் சிரித்தாள். மூன்று நாளில், பாட்டின் பொருளை விளக்கும் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். துறைத்தலைவருக்கு ஒரு பிரதி கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்து வரவிருந்த புறத்தேர்வாளருக்கும் ஒன்று அனுப்பினாள்.

துறைத்தலைவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆதாரம் யாரும்மா?"

"எங்க சித்தி சார்."

"எந்தப் பதிப்பகம்?"

"பதிப்பகம் இல்ல சார். சித்தி. எங்கம்மாவோட தங்கச்சி."

"அப்ப அச்சுல வராத ஆதாரம்." அவர் குரலில் பரிவு கசிந்தது. "இங்க பாரும்மா, மக்களோட குரலை மீட்கணும்னு முப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தறவன் நான். அதுக்காக மக்களே வந்து பேச ஆரம்பிச்சா ஆராய்ச்சி எப்படிம்மா நடக்கும்?"

அந்த அத்தியாயத்தை நீக்கிவிடலாம் என்று அவர் அருள்கூர்ந்து முடிவு செய்திருந்தபோது புறத்தேர்வாளரின் கடிதம் வந்தது. அவர் துரையின் நாட்டுக்காரர். அந்தச் சித்தியைத் தாம் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த நாட்டிலிருந்து வரும் வேண்டுகோளை மறுக்கும் பழக்கம் காலனியத் தாக்க ஆய்வுத் துறைக்கு இல்லை.

தேர்வு நாளன்று சித்தி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். சலவைத் துணிதான் உடுத்தியிருந்தாள். காலில் மட்டும் தார் போகவில்லை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவரும் புறத்தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். புறத்தேர்வாளர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வணக்கம், அம்மையீர். தாங்கள் இப்பாடலை இசைத்தருள இயலுமா?"

சித்தி அடிக்குறிப்பின் பக்கம் திரும்பினாள். "என்னடி சொல்றாரு?"

"பாடச் சொல்றாரு."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே."

பாடினாள். ரோலர் வண்டியின் இரைச்சலை மீறிப் பாடிப் பழகிய தொண்டை. பக்கத்து அறைத் தட்டச்சர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பாடி முடித்துவிட்டுச் சித்தி, யாரும் கேட்காமலே, பொருளும் சொன்னாள்.

"பல்லக்கெல்லாம் இல்லீங்க. பாடை. ஆளு போனதும் நாலு பேரு தூக்குவாங்கல்ல, அது."

துறைத்தலைவர் அமைதியாகத் தடித்த அகராதி ஒன்றைத் திறந்தார். அதைத் தொகுத்தவரும் அதே துரைதான். "ஆய்வுன்னா எல்லாத்தையும் சரிபார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, தாய்மொழியில் பெயர்த்தபடி உரக்கப் படித்தார்.

"'பாடை: மலர்களால் அழகுபடுத்திய ஒருவகைப் பல்லக்கு. நால்வர் சுமப்பர். சாலைப் பணிப் பெண்களிடம் கேட்டு அறிந்தது. என்னையும் கூடிய விரைவில் இதில் ஏற்றுவதாக அவர்கள் வாக்களித்துள்ளனர்.'"

"அடிப் பாவிங்களா!" என்று சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். புறத்தேர்வாளர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அடிக்குறிப்புக்கு நெஞ்சு லேசானது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒருவிதமான ஒளிகூட வந்தது. பெரிய கண்டுபிடிப்புகள் நிகழும்போது வருவது.

"இந்த அம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. நடந்திருக்கறது அதைவிடப் பெரிய சோகம். துரையை மனசாரப் புகழ்ந்து பாடின பாட்டு இது. அச்சுல இருக்கு. ஆனா காலனியம் மரபையே அறுத்துப் போட்டதால, சொந்தப் பாட்டோட அர்த்தம் இவங்களுக்கே மறந்துபோச்சு. என் கோட்பாட்டுக்கு இதைவிட உயிருள்ள சான்று உலகத்துல உண்டா?"

அடிக்குறிப்பு புறத்தேர்வாளரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அம்மையீர் கூறுவதே சரியெனத் தோன்றுகிறது. ஆயினும் அயல்நாட்டான் ஒருவன் இதில் தீர்ப்பு வழங்குவது காலனியப் போக்கு ஆகிவிடும். எனவே உள்ளூர் அறிஞரின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்."

சித்தியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவளுக்குத் தேநீர் கொடுக்கவும் உத்தரவாயிற்று. மக்களை மதிப்பதில் துறை என்றும் குறைவைத்ததில்லை. பிறகு தீர்மானம் எழுதப்பட்டது. 'தகவலாளி தம் மரபுப் பாடலின் பொருளை மறந்துவிட்டார் என ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்த ஆய்வாளர் சம்மதிக்கும் பட்சத்தில், பட்டம் வழங்க ஒருமனதாகப் பரிந்துரைக்கப்படுகிறது.' ஆங்கிலத்தில் மூன்று படிகள்.

அடிக்குறிப்பு பேனாவைக் கையில் எடுத்தாள். கல்லூரி நாற்காலி நினைவுக்கு வந்தது. வேலை நிரந்தரமானதும் உண்மையைத் தனிப் புத்தகமாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் பேனா மூடியைத் திறந்தாள். மூன்று படியிலும் கையெழுத்துப் போட்டாள். துறைத்தலைவர் எழுந்து கைகுலுக்கினார்.

வெளியே சித்தி காலித் தம்ளரோடு எழுந்து நின்றாள்.

"என்னடி, பாஸா?"

"பாஸு சித்தி."

"அப்ப, நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டாங்க?"

அடிக்குறிப்பு படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். "இல்ல. நீ பாட்டோட அர்த்தத்தை மறந்துட்டன்னு எழுதியிருக்காங்க."

"நானா? இப்பத்தானே அத்தனை பேரு முன்னால பாடிச் சொன்னேன்?" சித்திக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "அந்த வெள்ளைக்காரரு அப்படியா எழுதினாரு? சிரிச்சாரே மனுஷன்!"

"அவரு இல்ல."

"அப்ப கண்ணாடிக்காரரு."

"அவரு சொன்னாரு. அதை அத்தியாயத்துல எழுதப்போறது..." அவள் நிறுத்தினாள். "நான்தான் சித்தி. கையெழுத்துப் போட்டுட்டேன்."

சித்தி தம்ளரை பெஞ்சின் மேல் வைத்தாள். மூன்று மாடியும் விறுவிறுவென்று இறங்கினாள். கீழே வந்ததும் நின்றாள்.

"பட்டம் வாங்கினா பேருக்கு முன்னால என்னமோ போட்டுக்கலாம்னு சொன்னாங்களே, என்னடி அது?"

"டாக்டர்."

"எதுக்கு?" என்றாள் சித்தி. "துரைன்னே போட்டுக்க."