பெரட்டில் ஒரு பேர் அதிகம்

நான் மொத்தம் நான்கு நிமிடம் இயக்குநராக இருந்தவன். ஐந்தாவது நிமிடம் ஓடிவிட்டேன்.

ராசா என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், டிஜிட்டல் தயாரிப்பும் இயக்கமும் சொல்லித்தரும் சின்னப் பள்ளி. மாணவர்கள் ஒன்பது பேர், கேமரா ஒன்று. கடைசியில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்தால்தான் சான்றிதழ். (அதை மாட்ட வீட்டில் ஆணியே அடித்தாயிற்று.)

என் கதை, போர்டிக்சன் சாலையில் ஆளில்லாமல் போன ஒரு செம்பனைத் தோட்டம். காலையில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெரட்டு எடுக்கிறார். பேர் பேராகக் கூப்பிடுகிறார். பதில் சொல்ல யாருமில்லை. படத்தின் தயாரிப்பாளர், என் வகுப்புத் தோழி பிரேமா, பேர்களைக் கற்பனையாக வைக்கச் சொன்னாள். நான் கேட்டால்தானே? இடிந்த ஆபீசில் கிடந்த பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். யதார்த்தமாம்.

கிராணி வேடமும் நானே, ஒலிப்பதிவும் நானே. பனியில் எதிரிலிருந்த செம்பனை மரங்கூடத் தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அண்ணாமலை" என்றேன்.

"இருக்கேன்."

ஆண் குரல். பிரேமா என்னைப் பார்த்தாள். பயந்தாங்கொள்ளி என்று வகுப்பில் சொல்லிவிடுவாளே என்று அடுத்த பேரையும் படித்தேன். "பாப்பாத்தி." பதில் இல்லை. ஆனால் பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. ஓடும் கேமராவையும் ஒரு செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்பே பிரேமா காரில் இருந்தாள்.

கார் வரைக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கடைசியாகத் தங்கிவிட்ட ஒரு பெரியவர். அவர்தான் அண்ணாமலை.

"பேர கூப்டா கொரல் குடுக்கணும்லா தம்பி. இல்லாட்டி அன்னிக்கி வேல இல்ல."

அப்படியானால் பாப்பாத்தி யார் என்று பிரேமா கேட்டாள்.

"என் சம்சாரம். தவறிப் போயி அஞ்சு வருசம் ஆச்சி. அவ எப்பவுமே லேட்டாதான் கொரல் குடுப்பா."

போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் நாங்கள் சிரித்துவிட்டோம்.

வகுப்பில் படத்தைப் போட்டோம். நான் ஓடும் அழகைக் கண்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவரும் முதலில் என்னைத் தேடிப் போய்விட (கேமராவுக்கு அப்புறம்தான் திரும்பி வந்தார்), திரையில் வெறும் பனி. அப்போது, மெல்ல, ஒரு பெண் குரல்: "இருக்கேன்."

சிரிப்பு நின்றது. குரல் கொடுத்தது யார் என்று ஆசிரியர் கேட்டார். பிரேமா எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். ஒலிப்பதிவில் முதல் மதிப்பெண், இயக்கத்தில் தோல்வி.

அந்த ஆணியில் இப்போது நாள்காட்டி தொங்குகிறது. பிரேமாவைத்தான் கட்டிக்கொண்டேன். சாப்பிடக் கூப்பிடும்போது என் மகள் பெரட்டு எடுப்பாள். "அப்பா?" "இருக்கேன்." "அம்மா?" "இருக்கேன்." கடைசியில் வேண்டுமென்றே, "பாப்பாத்தி?" எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். பாப்பாத்தி லேட்டாகத்தானே குரல் கொடுப்பார்.