மீன் தொட்டியில் போட்ட கோயில் கரி

பாலக்கரை, திருச்சி – 8
நவம்பர் 1983

அன்புள்ள மைத்துனன் ஸ்தனிஸ்லாசுக்கு அத்தான் பாக்கியநாதன் எழுதிக்கொண்டது. சேசு மரி சூசை உன்னையும் உன் வீட்டாரையும் காப்பார்களாக. நான் சுகமாக இல்லை. உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையிலும் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் அக்காள் லூர்துராணி என்னோடு கோபித்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியோடு லால்குடியில் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளை உடனே திருப்பி அனுப்பு. மீன் தொட்டியை எடுத்தால்தான் வருவாளாம், நீ எழுதியிருந்தாய். எடுக்க மாட்டேன். "படிக்காத மனுஷனுக்கு எதுக்கு அத்தான் இந்த விஞ்ஞானம்?" என்று போன ஈஸ்டருக்கு என் வீட்டுப் பிரியாணியைத் தின்றுகொண்டே கேட்டவன் நீ. நான் பள்ளிக்கூடம் முடிக்காதவன்தான். ஆனால் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பிரேக்குக்குக் காற்று போகும் குழாய்களோடு ஆயுளைக் கழித்தவன். காற்றைப் பற்றி ஒரு வாத்தியார் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நடந்ததைக் கேள். மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சு போதவில்லை என்று அர்த்தம். தண்ணீரும் கலங்கிப்போனது. கடைக்காரன் கொடுத்த காற்று மோட்டார் போதாது என்று இன்னொன்றும் வாங்கி மாட்டினேன்; கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைத் தொட்டிக்குள் விட்டேன்; தண்ணீரை வடிகட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, பஞ்சு வைத்து, கொள்ளிடத்து மணலைத் தெளியத் தெளிய அலசிக் கொட்டி, குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் டப்பா வழியாக இழுத்துக்கொண்டு போகும்படி செய்தேன். மணலுக்கு மேலே கரி வேண்டும். அடுப்புக் கரியில் புகையும் பிசினும் இருக்கும். புகையில்லாத சுத்தமான கரி எங்கே கிடைக்கும்? கோயிலில் தூபம் போடுகிற கரிதான். மந்திரித்த எதையும் குப்பையில் போடக் கூடாது என்பதால், தூபக்காலில் மிஞ்சும் கரியை பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் நம் கோயில்பிள்ளை பிலோமின்ராஜ் ஒரு டின்னில் சேர்த்துவைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார். அந்த டின்னைக் கேட்டேன்.

"ஐயா, இதெல்லாம் செத்தவங்க அடக்கப் பூசைக்குப் போட்ட கரி. வீட்டுக்குக் கொண்டுபோறதில்லைங்க."

"எந்தப் பூசைன்னு கரிக்குத் தெரியுமாய்யா?"

"கரிக்குத் தெரியாதுங்க. போனவங்களுக்குத் தெரியும்."

வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்த உன் அக்காள் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, யாரோ ஜெபம் சொல்றாங்க."

"குமிழிடி அது."

"குமிழி 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லுமா?"

நானும் காது கொடுத்தேன். குமிழி கொஞ்சம் வந்து நின்றது; பிறகு மொத்தமாக வந்தது. ஒருவர் முன்னே சொல்ல, கூட்டம் பதில் சொல்வதுபோலத்தான் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு மோட்டார் ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான் கேட்கும். மீன்கள் கரி டப்பாவுக்கு எதிரே வரிசையாக நின்றுகொண்டு, பதில் வருகிற இடத்தில் மட்டும் வாயைத் திறந்தன. காற்று அங்கேதான் அதிகம். நடுவில் ஓர் இருமல் கேட்டது. உன் அக்காள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது நம்ம எதிர்வீட்டு மோட்சம்மாவோட இருமல்ங்க. செப்டம்பர்லதானே அடக்கம் பண்ணினோம்?"

"குழாய்க்குள்ள தண்ணி ஏறினா இருமத்தான் செய்யும்."

"இருமிட்டு 'ஆண்டவரே'ன்னுமா சொல்லும்? மோட்சத்துக்குக் காத்துக்கிட்டு உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடக்கிற ஆத்துமாக்களை வீட்டுக்குக் கூட்டியாந்துட்டு மோட்டாரு, குழாயின்னு பேசுறீங்க. ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

பஸ் ஏறிவிட்டாள். இதில் என் தப்பு என்ன?

அவள் போனபிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன், எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. இரண்டு மோட்டாரும் நின்றன. லாரி டியூப் பஞ்சராகித் தரையில் சப்பையாகக் கிடந்தது. குமிழி வந்துகொண்டே இருந்தது. மணலுக்குள் தங்கிய காற்று அது. கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்ததும் குமிழி நின்றுவிட்டது. அதற்கும் காரணம் இருக்கும், யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது என்னையறியாமல் நானும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். உடனே தொட்டி அமைதியாகிவிட்டது, எதிர்பார்த்த ஆள் வந்து சேர்ந்ததுபோல. மீன்கள் என் பக்கம் திரும்பின.

ஆகவே லூர்துராணியை அனுப்பிவை. பயந்து கேட்கவில்லை. நான் வைக்கும் ரசத்தை என்னாலேயே குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். தொட்டி இருக்கும், அவளும் இருக்க வேண்டும், இதில் மாற்றமில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். உன் வயலில் கதிர் நன்றாகப் பிடிக்கவும், உன் வாய் கொஞ்சம் அடங்கவும் தேவமாதாவை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
ம. பாக்கியநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அடுப்படியிலிருந்து உன் அக்காள் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். வந்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்கிறேன், நீ யாரையும் அனுப்ப வேண்டாம். எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டேன்; தட்டை எடுத்து வைத்தாள். தெருக்கதவு உள்ளே தாழிட்டபடியே இருக்கிறது. வெளியே நல்ல வெயில், ஆனால் அவள் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. "தொட்டி இருக்கட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஸ்தனிஸ்லாஸ், கல்யாணமான நாளிலிருந்து உன் அக்காள் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. கடிதம் கிடைத்த உடனே தந்தி அடி: லூர்துராணி உன் வீட்டில் இருக்கிறாளா?