கோடண்ணை கீறிய ஒரே வீடு

கோடண்ணையிடம் "ஏலாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த மனிதர் ஒஸ்லோவில் ஒருவரும் இல்லை.

ஊரில் வீதித் திணைக்களத்தில் படம் கீறியவர். இங்கே மீன் பெட்டி அடுக்கினார். ஆனால் காதில் செருகிய பென்சிலை மட்டும் அவர் இறக்கவே இல்லை. கலியாண அட்டையின் பின்பக்கம், பால் பெட்டி, எது கிடைத்தாலும் அதில் ஒரு வீடு கீறிவிடுவார். ஒரு பிறந்தநாள் விழாவில் காகிதத் தட்டில் மாடி வீடு கீறிக் கொடுத்தார். அதைப் பத்திரமாகக் கொண்டுபோன நண்பர், பருப்புக் கறி ஊறிய இடத்தைக் குளியலறை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் நாங்கள் நான்கு குடும்பங்கள் பக்கம் பக்கமாக நிலம் வாங்கினோம். வருகிற கோடையில் வாடகை வீட்டை விடுவதாக நால்வருமே எழுதிக் கொடுத்தாயிற்று. தனித்தனிப் படம் கொடுத்தால், நகரசபை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் நிலம் உறைந்துவிடும். பிறகு அத்திவாரம் போட முடியாது.

"ஒரு படம் போதும். கொம்மூன் ஒருக்கால் ஓம் எண்டால் நாலு வீட்டுக்கும் ஓம்," என்றார் கோடண்ணை. நகரசபைக்கு நோர்வேக்காரர் சொல்லும் பெயர்தான் கொம்மூன்.

கையெழுத்து வைக்கத் தகுதியுள்ள நோர்வேக்காரர் ஒருவரையும் தேடிப் பிடித்தார். நான்கையும் ஒரே படமாகப் பார்க்க நகரசபையும் சம்மதித்தது. ஒரே நிபந்தனை: நான்கும் அச்சொட்டாக ஒரே வீடாக இருக்க வேண்டும்.

அங்கேதான் பிழை தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டைவிட ஒரு சாண் கூடுதலாகவும் வேண்டும். முதல் வீட்டுக்காரி இரகசியமாக ஃபோன் எடுத்துச் சாமியறையை வடகிழக்கு மூலைக்கு மாற்றச் சொன்னார். இரண்டாம் வீட்டாருக்கு, பனி கொட்டுகிற நாட்டில், பொரியல் பொரிக்க வெளிக்குசினி தேவைப்பட்டது. மூன்றாம் வீட்டார் வரவேற்பறையை முதல் வீட்டாருடையதைவிட ஒரு அடி நீட்டச் சொன்னார்கள். நான்காம் வீட்டாரான நாங்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இளகிய மனம் படைத்த கோடண்ணை கேட்ட எல்லாருக்கும் கீறிக் கொடுத்துவிட்டார்.

நகரசபையில் இருந்த பெண் நான்கு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே சுருட்டித் திருப்பித் தந்தார். கூடப் போயிருந்த எனக்கு மேசைக்குக் கீழே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. கோடண்ணையோ அடுத்த கிழமை வருவோம் என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஹோல்ம்லியாவில் ஒரு கார் தரிப்பிடத்தில், வெண்கட்டியால் வீட்டை முழு அளவில் கீறினார். நான்கு குடும்பங்களையும் உள்ளே விட்டார். பின்னேரம் வரை இதற்குள் இருந்து பார்க்க வேண்டும், குறை இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்.

"தங்கச்சி, சுவருக்குள்ளாலை வாறாய். திரும்பிப் போய் வாசலாலை வா," என்று கோட்டைத் தாண்டிய ஒருத்தியை மறித்தார்.

"அண்ணை, மழை தூறுது."

"வீட்டுக்குள்ளை நிண்டுகொண்டு மழை எண்டுறாய்."

நாயோடு வந்த ஒரு நோர்வேக் கிழவரும் கோட்டை மிதிக்காமல் வீட்டைச் சுற்றித்தான் போனார்.

பின்னேரத்துக்குள் வெளிக்குசினி போய்விட்டது. ஒரு அடி நீளமும் போய்விட்டது. சாமி பழைய இடத்துக்கே திரும்பினார். மிஞ்சியது முதல் படத்திலிருந்தே பின்கதவோரம் இருந்த ஒரு சிறு சதுரம். அதைக் குசினியோடு சேர்க்கும்படி நான்கு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்களுக்குள் அன்று ஏற்பட்ட முதல் ஒற்றுமை அது. முன்னால் நின்றது என் மனைவி.

"அதிலை கை வைக்கேலாது."

"என்னத்துக்கு அண்ணை அது?"

அவர் என் பக்கம் பாராமலே சொன்னார்: "உன்ரை மனுசன் நாலு பேர் வீட்டுக்கு வந்தால் ரொயிலெற்றுக்குள்ளை போய் ஒளிக்கிற ஆள். அவனுக்கெண்டு ஒரு மூலை வேணும். நாலும் ஒரே வீடு எண்டால் நாலு மூலை. அவ்வளவுதான்."

அடுத்த கிழமை அதே வீட்டைக் கீறிக் கொண்டுபோனோம். நகரசபை அந்தப் படத்துக்கு ஓம் சொன்னது. நிலம் உறைவதற்குள் நான்கு அத்திவாரங்களும் இறுகிவிட்டன.

பக்கத்து மூன்று வீடுகளிலும் அந்த மூலையில் பனிச் சப்பாத்துகள் குவிந்து கிடக்கின்றன. என் வீட்டில் ஒரு கதிரை இருக்கிறது. ஆட்கள் வந்தால் நான் அங்கே போய் இருந்துவிடுவேன். கோடண்ணையின் குரல் கேட்டால் மட்டும் எழுந்து வருவேன்.