தங்கச்சி அழைத்தால் விளக்குச் சிவக்கும்

பிலிமத்தலாவையில், ஒரு வளையல் கடையின் மேல்மாடியில், அலைச்சித்தர் எழுந்தருளி நான்கு மாதமாகிவிட்டது. படிக்கட்டில் தொடங்கும் வரிசை பஸ் தரிப்பிடத்தில்தான் முடியும். நிற்பவர்கள் கையில் தேங்காய் இல்லை, பூத்தட்டு இல்லை. தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கறுப்புப் பெட்டிதான் இருந்தது. சிலர் அதை டவலில் சுற்றியிருந்தார்கள். சிலர் பட்டுத்துணியில் பொதிந்திருந்தார்கள். ஓர் அம்மா, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டி அழவில்லை.

சித்தர் தொட்டால் சிவப்பு விளக்குப் பச்சையாகுமாம். கண்டி முழுக்க இதே பேச்சு. தலதா வீதியில் சொன்னார்கள், கட்டுகஸ்தோட்டையில் சொன்னார்கள், மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள். எல்லா மதத்தாரும் ஒரே வரிசையில் ஒற்றுமையாக நின்றார்கள். ஏமாறுவதற்கு என்றால் நம்மிடம் பேதமே கிடையாது.

அந்த வரிசையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றவர் ஜனார்த்தனன் சேர். திகனப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். வருடாவருடம் விஞ்ஞான தினத்தில் மேடையேறி, "எதையும் ஏன் என்று கேளுங்கள் பிள்ளைகளே!" என்று முழங்குகிறவர். அவர் பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் வந்தவருக்கு ஹெல்மெட் எதற்கு? பிள்ளைகள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

'இது மூடநம்பிக்கை இல்லை' என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். 'அலை என்பது பௌதிகம். சித்தர் அதைத் தமிழில் சொல்கிறார். அவ்வளவுதான்.' பட்டம் பெற்றவன் முட்டாளாவதற்கு இது ஒரு வசதி. காரணத்தை அவனே தயாரித்துக்கொள்வான், இன்னொருவன் உதவி தேவையில்லை.

ஒரு வாரத்துக்கு முன்னால்தான் பெட்டி வீட்டுக்கு வந்தது. பூட்டித் தர ஆள் அனுப்புவதாகக் கம்பனியில் சொன்னார்கள். "எனக்கா ஆள்? நான் பி.எஸ்சி." அவரே பூட்டினார். சுவரிலிருந்து வந்த கம்பியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொலைபேசிக்கும் மற்றதைப் பெட்டிக்கும் கொடுத்தார். பெயர், கடவுச்சொல், கூடவே கேட்ட இரண்டு எண்கள், எட்டும் முப்பத்தைந்தும், எல்லாவற்றையும் தட்டினார். விளக்குப் பச்சையானது. அட்டைப் பெட்டிக்குள் கட்டைவிரல் அளவு வெள்ளைத் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. ஒரு பக்கம் வால், மறுபக்கம் இரண்டு துளை.

"இது என்னங்க?" என்றாள் மனைவி சந்திரிகா.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. நமக்குத் தேவைப்படாது" என்றார் ஆசிரியர். விளக்கத் தாளில் இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தோடு அவருக்கு அறிவு நிறைந்துவிட்டது. தாளைச் சந்திரிகா அலுமாரியில் சேலைக்கு அடியில் விரித்தாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு இணைய வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். அதே ஏழு மணிக்குப் பன்விலவிலிருந்து தங்கை கலாராணி வழக்கம்போலத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்தது. விளக்குச் சிவந்தது. முப்பத்திரண்டு முகமும் போயின. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குப் பதிலாக பஸ் ஏறினார்.

சித்தரின் அறையில் ஒரு பாய், ஒரு ஊதுபத்தி, சுவரிலிருந்து வரும் ஒரு கம்பி. சித்தர் பெட்டியை அந்தக் கம்பியில் பூட்டி, கண்ணை மூடினார். விளக்குப் பச்சையாகி, அரைமணி நேரம் அசையாமல் நின்றது.

"பெட்டி சுத்தமா இருக்கு. உங்க வீட்லதான் கோளாறு. என்ன நம்பர் போட்டீங்க?"

"எட்டு, முப்பத்தஞ்சு சாமி."

சித்தர் நெஞ்சில் கை வைத்தார். "எட்டு சனீஸ்வரன். மூணையும் அஞ்சையும் கூட்டுங்க."

விஞ்ஞான ஆசிரியர் கூட்டினார். விரல் விட்டுக் கூட்டினார். எட்டு வந்தது. வியர்த்துவிட்டது. முன்னால் நின்றவர் பெட்டியிலும், பின்னால் நின்றவர் பெட்டியிலும் அதே இரண்டு எண்கள்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்து கேட்பது சிரமம்.

"பெட்டியோட வந்த சாமானெல்லாம் கொண்டாந்தீங்களா?"

வெள்ளைத் துண்டை நீட்டினார். "இது தோஷக்குட்டி. இங்கயே கெடக்கட்டும்" என்று சித்தர் அதைப் பித்தளைக் குடத்தில் போட்டார். குடத்தில் அதுபோல நிறையக் கிடந்தன. "வீட்டுக்கு யாரு கோல் எடுக்கிறப்ப பச்ச விளக்கு விழுதுன்னு மூணு கெழம எழுதுங்க. அதிகம் யாரு பேரு வருதோ, அவங்க பொறாமதான் கம்பி வழியா வருது."

எழுதினார். மூன்று வாரமும் எப்படி எழுதினார்! திகதி, நேரம், அழைத்தவர், விளக்கின் நிலை என்று கோடு போட்டு, அடியில் ஒரு வரைபடமும் கீறினார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான். முடிவில் ஒரு பெயர் எல்லாவற்றையும் தாண்டி நின்றது. கலாராணி. ஒருநாள் தவறாமல் அழைப்பவள் வேறு யார்?

"கூடப்பொறந்தவளா?" என்று சித்தர் பெருமூச்சு விட்டார். "ரத்த சம்பந்தம். வேகம் கூட. அவ கோல் எடுக்கக் கூடாது. அவ வீட்டு வாசப்படிய நீங்க மிதிக்கக் கூடாது."

 வருகிற ஞாயிற்றுக்கிழமை கலாராணியின் மகள் தர்ஷிகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர் ஒருவர்தான். சீர்த்தட்டுத் தூக்கி, மணமகளுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டிய கை இவருடையது. தகப்பன் இல்லாத பிள்ளை. சின்னதில் இவர் முதுகில்தான் ஆற்றங்கரைக்குப் போகும்.

ஆனாலும் தங்கைக்குச் சொல்லிவிட்டார். சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

"கலா, இனி இங்க கோல் எடுக்காத. கல்யாணத்துக்கு... பாப்போம்."

 "சரிண்ணே" என்றாள் தங்கை. வைத்துவிட்டாள். சந்திரிகா அன்றிலிருந்து அவருக்குத் தேத்தண்ணியை மேசையில் வைப்பாள், கையில் கொடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சித்தர் நேரில் வந்து பொறாமை நுழையாமல் வீட்டுக்குக் காப்புக் கட்டுவதாக ஏற்பாடு. எரிப்பதற்கு அட்டவணையில் மூன்று பிரதி வேண்டுமாம். திகன சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் அனீஸாவிடம் கொடுத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் தாளைப் பார்த்தாள்.

"என்ட பேரும் ஈக்கே சேர் இதுல?"

"அது... சோதனைப் பேப்பர் அடிச்சாச்சுன்னு அன்னைக்கு கோல் எடுத்தீங்கள்ல."

"அப்பவும் விழுந்திச்சா?"

"விழுந்துச்சு."

"பல் டொக்டர்?"

"விழுந்துச்சு."

"ராங் நம்பர் ஒண்டும் ஈக்கு. அவரு ஆரெண்டே தெரியா. அவருக்கும் உங்களுல பொறாமயா?"

சேர் மெஷினிலிருந்து விழுந்த பிரதிகளை எடுத்து அடுக்கினார்.

"இங்க, உங்கட மிஸிஸ் சந்தையிலிருந்து எடுத்தது. அதுக்கும் விழுந்தீக்கு. சேர், நான் ஓ லெவலோட படிப்ப நிப்பாட்டினவ. ஒண்டுதான் கேக்கிறன். இதுல விழாத கோல் எது?"

அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகப் பார்த்தார். விழாத அழைப்பு ஒன்றுகூட இல்லை. தன் கையால் கோடு போட்டு, தன் கையால் எழுதி, தன் கண்ணாலேயே பார்க்காமல் விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கொண்டுவந்தால் கொப்பியைத் தூக்கி எறிந்திருப்பார்.

"சித்தர்ட ரூம்ல டெலிபோன் ஈக்கா சேர்?"

"இல்ல. கம்பி மட்டுந்தான்."

"பெட்டியோட கடதாசி ஏதும் தந்தாங்களா?"

வீட்டுக்கு ஓடி, அலுமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். நப்தலின் மணத்தது. அனீஸா இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள், படித்தாள், மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு நானும் வாறன். சும்மா பாக்க" என்றாள்.

சனிக்கிழமை காலை வீட்டில் இருபது பேர். சித்தர் கற்பூரத்தை ஏற்றி, சிவப்புப் பட்டில் முடிந்த காப்பு ஒன்றோடு சுவர்க் கம்பியருகே போய் உட்கார்ந்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது."

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அனீஸா. "மூட முந்தி ஒரு சின்ன விசயம். பொறாமக்காரர் கோல் எடுத்தாத்தானே விளக்கு விழும்? மனசு சுத்தமான நீங்க இந்த வீட்டு நம்பருக்கு ஒரு கோல் எடுங்களே."

"நான் போன் தொடுறதில்ல."

"போர்ட்ல பெரிசா உங்கட நம்பர் போட்டீக்கே?"

"சார்ஜ் இல்ல."

சித்தரை அவ்விடத்தில் மாட்டிவிட்டவர் அனீஸா இல்லை. பரம பக்தர், பின்வீட்டுக் கறுப்பையா. "சாமி எடுத்தா விழவே விழாது! இவங்களுக்கு ஒரு பாடமா இருக்கட்டும், எடுங்க சாமி!" என்று தன் போனில் எண்ணை அழுத்தி, பயபக்தியோடு சித்தரின் காதில் வைத்துப் பிடித்தார்.

வீட்டுத் தொலைபேசி கணகணவென்று அடித்தது. விளக்குச் சிவந்தது.

"சாமி..." கறுப்பையா போனைக் கீழே இறக்கினார். "அப்ப நீங்களும் பொறாமக்காரரா?"

சித்தர் காப்பை மடியில் மறைக்கப் பார்த்தார். சந்திரிகா பிடுங்கிப் பிரித்தாள். பட்டுக்குள் மஞ்சள், அதற்குள் குங்குமம், அதற்குள் கட்டைவிரல் அளவு வெள்ளைத் துண்டு. ஒரு பக்கம் வால், மறுபக்கம் இரண்டு துளை.

அனீஸா இரண்டாம் பக்கத்தை விரித்து ஜனார்த்தனனிடம் கொடுத்தாள். "வாசிங்க சேர்."

ஒரு படம். சுவர், வெள்ளைத் துண்டு, அதிலிருந்து ஒரு கம்பி தொலைபேசிக்கு, ஒரு கம்பி பெட்டிக்கு. கீழே மூன்று மொழியில் ஒரு வரி. அவர் வாய்விட்டுப் படித்தார். "இதைப் பொருத்தாவிட்டால் தொலைபேசி மணி ஒலிக்கும்போது இணைப்புத் துண்டிக்கப்படலாம்." அவர் குரல் அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

பொருத்தினார். கறுப்பையா அழைத்தார். மணி அடித்தது. பச்சை அசையவில்லை.

"பாத்தீங்களா! காப்பு வேல செய்யுது!" என்று சித்தர் துள்ளி எழுந்தார்.

அனீஸா பட்டையும் மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளி அவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க, உங்கட காப்பு. வாசலுக்கு வெளியில போய் நில்லுங்க." அவர் நின்றார். வீட்டு எண்ணுக்கு அழைத்தார்கள். பச்சை. வெள்ளைத் துண்டைக் கழற்றிவிட்டு, அவரைப் பட்டோடு உள்ளே நிறுத்தி மறுபடி அந்த எண்ணுக்கு அழைத்தார்கள். சிவப்பு. துண்டை மறுபடி பூட்டினார்கள். பச்சை. கறுப்பையா அதன் பிறகும் ஏழு தடவை அழைத்துப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வர நேரமெடுக்கும், போகவும் நேரமெடுக்கும். அவர் ஓய்ந்து திரும்பியபோது சித்தரைக் காணவில்லை. கற்பூரத்தட்டு மட்டும் இருந்தது.

கூட்டம் சித்தரைத் திட்டிக்கொண்டே கலைந்தது. ஜனார்த்தனனுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்த ஆள் படித்தது இரண்டாம் பக்கத்தை. அது இவருடைய அலுமாரியிலும் இருந்தது.

பன்விலவுக்கு அழைத்தார். பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல் கேட்டது.

"கலா, மன்னிச்சிரும்மா. அந்தப் பெட்டியில ஒரு சாமான நான் பூட்டாம..."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"மால நீங்க போடத்தான் எடுத்து வச்சிருக்கு. வேற யாரையும் கேக்கல. காலைல ஆறு மணிக்கெல்லாம் அண்ணியோட வந்துருங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு மட்டும் கேக்கிறேண்ணே. நான் இருபத்தொரு வருஷமா ஏழு மணிக்கு கோல் எடுக்கிறேன். அந்தப் பெட்டி வந்து ஒரு மாசம். கோளாறு வந்தப்ப நீங்க எத சந்தேகப்பட்டிருக்கணும்?"

விஞ்ஞான ஆசிரியருக்கு விடை தெரியும்.  அழுதார்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவரோடு பேச்சை நிறுத்தி வைத்திருப்பீர்கள். எவன் சொல்லி நிறுத்தினீர்கள், அவனுக்கு அதில் என்ன லாபம் என்று இன்றைக்காவது யோசியுங்கள்.